நோயாளியின் மொழி யார் கடன்? மருத்துவ மாணவர்க்குப் பிறமொழி கற்பித்தலில் எழும் அறச்சிக்கல்

தமிழும் மருத்துவமும் குறித்து நம் துறைகளில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு திசைகளிலேயே சென்றுள்ளன. சித்த மருத்துவச் சுவடிகளைப் பதிப்பித்தலும் ஆராய்தலும் ஒன்று. மேலை மருத்துவத்தைத் தமிழில் பயிற்றுவிப்பதற்கான கலைச்சொல்லாக்கம் மற்றொன்று. இரண்டும் தேவையானவையே. எனினும் இவ்விரண்டிலும் மொழி மருத்துவனுடைய உடைமையாகவே நின்றுவிடுகிறது. மருத்துவன் எம்மொழியில் கற்கிறான், எம்மொழியில் எழுதுகிறான் என்று கேட்கிறோம். நோயாளி எம்மொழியில் நோகிறான் என்று கேட்பது அரிதாகவே உள்ளது. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் மருத்துவப் பட்டப்படிப்புக்கான இந்திப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது நாடெங்கும் எழுந்த விவாதமும் பயிற்றுமொழியைப் பற்றியதாகவே அமைந்தது. மாணவனின் தாய்மொழி அங்கே பேசப்பட்டது. அவன் முன் படுத்திருப்பவனின் தாய்மொழி பேசப்படவில்லை.

தன் மொழி வழங்காத நிலத்தில் மருத்துவம் பயிலும் மாணவன், அங்குள்ள நோயாளியின் மொழியைக் கற்கக் கடமைப்பட்டவனா? ஆம் எனில் அக்கடமை எங்கிருந்து தோன்றுகிறது? எவ்வளவு கற்றால் அது தீரும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டுக்கு வெளியே, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்குத் தமிழ் கற்பிக்கும் துறைகளில் பணியாற்றுவோர்க்கு இது வெறுங் கோட்பாட்டு வினாவன்று. நாம் தயாரிக்கும் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இதற்கு ஏதோ ஒரு விடையை நாம் அளித்துவிடுகிறோம்.

உரையாசிரியர் கண்ட பங்கீடு

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து தொண்டு செய்பவன் என்னும் நான்கு உறுப்புகளையுடையதாக மருத்துவத்தை இறுதிக் குறளில் வகுக்கிறது. பரிமேலழகர் இந்நான்கினையும் மேலும் நந்நான்காகப் பகுத்து உரைக்கிறார். நோயுற்றவனுக்கு அவர் வேண்டும் இயல்புகளைக் காண்க: பொருள் வசதி, மருத்துவன் சொற்படி ஒழுகுதல், தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றல், மருந்தினால் வரும் துன்பத்தைத் தாங்குதல். மருத்துவனுக்குக் கூறுவனவோ நோய்க்கு அஞ்சாமை, முறையாகக் கற்ற கல்வியோடு கூடிய நுண்ணறிவு, பலகால் தீர்த்துப் பழகிய பயிற்சி, மனம் சொல் உடல் மூன்றிலும் தூய்மை என்பன. சரக சங்கிதையும் தன் சூத்திரத்தானத்தில் இதே நாற்கூற்றுப் பாகுபாட்டைக் கூறி, நோயை அறிவிக்கும் திறனை நோயாளியின் குணங்களுள் ஒன்றாகவே வைக்கிறது.

ஈண்டு உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சொல்லும் பொறுப்பு நோயாளியிடம் வைக்கப்பட்டுள்ளது. கேட்கும் ஆற்றல் மருத்துவனின் இயல்புகளுள் தனித்து எண்ணப்படவில்லை. இதனைக் குறையாகக் கொள்வது பொருந்தாது. மருத்துவனும் நோயாளியும் ஓரூரினராகவோ ஒருமொழியினராகவோ இருந்த சூழலில், சொன்னால் விளங்கும் என்பது தானே பெறப்படும். கேட்டல் தனியோர் ஆற்றலாகத் தோன்றுவதற்கு அங்கே இடமில்லை. இன்று அந்தச் சூழல் மாறிவிட்டது. இராமநாதபுரத்துச் சிற்றூரிலிருந்து வரும் ஒரு மூதாட்டி பரிமேலழகர் கேட்ட ஆற்றலைக் குறைவின்றி உடையவளாய் இருக்கலாம். தன் நோயை ஒரு புலவனுக்கு இணையாக எடுத்துரைக்கவும் கூடும். கேட்பவன் இராசத்தானத்தானாகவோ மிசோரத்தானாகவோ இருந்தால் அவ்வாற்றல் பயன்படாமற் போகிறது. நோயாளியிடம் இருந்த ஒரு குணத்தை மருத்துவமனை இல்லாததாக்கிவிடுகிறது. பின்னர் அக்குறை அவள் பெயரிலேயே எழுதப்படுகிறது. நோய்வரலாற்றுத் தாளில் 'சரியாக விவரம் கூற இயலவில்லை' என்று குறிக்கப்படுங்கால், இயலாதவர் யார் என்பது அத்தாளில் பதிவாவதில்லை.

இச்சூழல் தற்செயலாக உருவானதன்று. பிரதீப் ஜெயின் வழக்கில் 1984-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து 1986 முதல் அனைத்திந்திய ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 விழுக்காடும், முதுநிலை இடங்களில் 50 விழுக்காடும் இதன்வழி நிரப்பப்படுகின்றன. புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் போன்ற நடுவண் நிறுவனங்களில் நாட்டின் எப்பகுதியினரும் பயில்கின்றனர்; அங்கு வரும் நோயாளிகளோ பெரும்பாலும் புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரங்களின் தமிழ் பேசுவோர். 2022-இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வகுப்புகளைத் தொடங்கிய மதுரை எய்ம்ஸ் நிறுவனத்தின் நிலையும் இதுவே. பிறந்த மாநிலம் தகுதிக்குத் தடையாகலாகாது என்னும் கொள்கை நேரியது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் மாணவனுக்குச் செய்யப்பட்ட நீதியின் விலையில் ஒரு பகுதியை, யாரும் கேளாமலே, நோயாளி செலுத்திவருகிறார்.

கடன் தோன்றும் இடம்

மாணவன் தரப்பில் சொல்லத்தக்கன உள. அவன் இம்மொழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. தரவரிசை எண்ணே அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் முடிந்தால் அவன் போய்விடுவான். முதுநிலை மாணவனுக்கோ மூன்றே ஆண்டு. உடற்கூறும் மருந்தியலும் அவனை அழுத்திக்கொண்டிருக்கையில், பின்னர் பயன்படாத ஒரு மொழியைக் கற்கச் சொல்வது முறையா? மொழிபெயர்த்துச் சொல்லச் செவிலியரும் உள்ளூர் நண்பர்களும் இருக்கின்றனரே? இவை எளிதில் தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. மருத்துவனின் பொதுக்கடமை என்று சொல்லி இவற்றைக் கடந்துவிடவும் இயலாது. இந்தியாவிலுள்ள எல்லா நோயாளிகளின் மொழியையும் எந்த மருத்துவனும் கற்க முடியாது. இயலாததைக் கடமை என்பது பொருளற்றது.

எனவே கடனின் தோற்றுவாயை வேறிடத்தில் தேட வேண்டும். மாணவன் இன்னும் மருத்துவன் அல்லன்; அவன் நோயாளிக்குக் கொடுப்பதைவிட நோயாளியிடமிருந்து பெறுவதே மிகுதி. அரசு மருத்துவமனையின் படுக்கையில் கிடப்பவர் அவனுக்குப் பாடநூல். கல்லீரல் வீக்கத்தை விரலால் உணர்வதும், இதய வால்வின் முரல்வைக் காதால் பிரித்தறிவதும் அவ்வுடலில்தான். ஒரே நாளில் பத்து மாணவர்கள் ஒரே வயிற்றை அழுத்திப் பார்ப்பதுண்டு. தேர்வு நாளில் நெடுநேர நோயாய்வுக்கு ஒரு நோயாளி ஒதுக்கப்படுகிறார்; மாணவன் அவரிடம் வரலாறு கேட்டு, உடலை ஆய்ந்து, தேர்வாளர் முன் உரைத்துத் தேறுகிறான். மொழி தெரியாதவனுக்கு, தெரிந்த ஒருவர் அருகில் நின்று உதவுவது பல கல்லூரிகளில் இயல்பாகக் கொள்ளப்படும் ஏற்பாடு. தனியார் மருத்துவமனைக்குப் பணம் செலுத்திச் செல்ல இயன்றவர் இவ்வாறு பாடநூலாவதில்லை. ஏழையின் உடல் கற்பதற்குக் கிடைக்கிறது. அந்த உடலைப் பற்றி அதற்குரியவர் சொல்வதோ கற்கத் தேவையற்றதாக ஒதுக்கப்படுகிறது. உடலை எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிடுவது, ஒரு மனிதரைப் பொருளாக மட்டும் பயன்கொள்வதற்கு மிக அணுகியதாகும்.

ஆகவே மாணவனுக்குள்ள கடன் அவன் மருத்துவன் என்பதால் வந்ததன்று. அவன் மாணவன் என்பதால் வந்தது. ஆசிரியரின் மொழியைக் கற்காமல் ஆசிரியரிடம் கற்க முடியாது என்பதை எல்லோரும் ஒப்புவர். நோயாளி ஆசிரியர் என்று மருத்துவக் கல்லூரிகளில் மேடைதோறும் கூறப்படுகிறது. கூறுவோர் அதனை உவமையாகக் கொள்கின்றனர் போலும். நான் நேர்பொருளிலேயே கொள்கிறேன். தங்கும் காலம் குறுகியது என்னும் வாதமும் இவ்விடத்து வலுவிழக்கிறது. கற்குங் காலமே கடனின் காலம்.

இதற்கு வரலாற்றுச் சான்றாகச் சுட்டத்தக்கவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் 1822-இல் பிறந்து, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் செய்தும் கற்பித்தும் வந்த அவர், தமிழ் கற்றதோடு நில்லாமல் 1860-களில் மருத்துவக் கல்வியையே தமிழுக்கு மாற்றி, உடற்கூறு, பிரசவம், அறுவை மருத்துவம் முதலியவற்றில் தமிழ் நூல்கள் வெளிவரச் செய்தார். நாம் அவரைக் கலைச்சொல் முன்னோடியாகப் போற்றுகிறோம். அவர் சமயப்பணிக்காக வந்தவர். அந்நோக்கம் அவர் மொழிக்கல்விக்கு உந்துதலாயிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கலைச்சொல் படைப்பதற்கு முன்னரே அவர் நோயாளிகளைத் தமிழில் கேட்கப் பழகியிருந்தார் என்பது நம் கட்டுரைகளில் போதிய அழுத்தம் பெறவில்லை.

இன்றைய ஏற்பாடுகளைப் பார்ப்போம். 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம் முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு மாத அடித்தளப் பயிற்சியை வகுத்தது. அப்போது வகுக்கப்பட்ட வடிவில் மொழிக்கும் கணினிக்கும் சேர்த்து 40 மணிநேரம் ஒதுக்கப்பட்டது. வட்டாரமொழி, ஆங்கிலத்தில் பின்தங்கியோர்க்கு ஆங்கிலம், கணினி ஆகிய மூன்றும் இதற்குள் அடங்க வேண்டும். அதே பாடத்திட்டம் ஏட்காம் என்னும் பெயரில் மனப்பாங்கு, அறம், தொடர்பாடல் ஆகியவற்றைத் தனிக்கூறாக்கியுள்ளது, இது வரவேற்கத்தக்கதே. பரிவுடன் பேசுதல், இசைவு பெறுதல், துயரச் செய்தியை அறிவித்தல் என்றெல்லாம் அதில் பயிற்சிகள் உண்டு. ஆனால் எம்மொழியில் பரிவது என்னும் கேள்வி ஓரத்தில் நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் பரிவு காட்டக் கற்றவன் வார்டில் வாய்மூடி நிற்கிறான்.

ஒப்பீட்டுக்கு ஒன்று. வெளிநாட்டு மருத்துவர் செருமனியில் பணியாற்ற வேண்டுமெனில், பொதுமொழித் தேர்ச்சிக்கு மேலாக மருத்துவத் துறைமொழித் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். 2014-இல் அந்நாட்டு மாநில நலவாழ்வு அமைச்சர்கள் ஒப்பிய நெறிமுறைப்படி அது மூன்று பகுதிகளையுடையது. பகுதிக்கு 20 நிமிடம். நோயாளியாக நடிப்பவரிடம் செருமன் மொழியில் வரலாறு கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். பின் மூத்த மருத்துவரிடம் உரைக்க வேண்டும். இங்கு பயின்று அங்குச் செல்லும் இந்திய மருத்துவர் இதற்காகப் பல மாதங்கள் உழைக்கிறார். விழுப்புரத்து விவசாயிக்காக அவரிடம் எவரும் இத்தகைய தேர்வு கோரியதில்லை. மொழி கற்க மாணவர்க்கு நேரமில்லை, ஆற்றலில்லை என்னும் வாதத்தை மதிப்பிடுகையில் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இரசியா முதலிய நாடுகளுக்கு மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் நிலை இதன் மறுபக்கம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகள், வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும், 12 மாத உள்ளுறைப் பயிற்சியும் அதே நிறுவனத்தில் நிகழ வேண்டும் என்கின்றன. ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் மாணவன் முன் இரசிய மொழி பேசும் நோயாளி படுத்திருக்கிறார். தரத்தை உறுதிசெய்ய எழுந்த விதி, நோயாளியின் மொழியைத் தரத்தின் பகுதியாகக் கருதவில்லை.

கேட்கும் தமிழ்

கடன் உண்டு எனக் கொண்டால், கற்பிக்க வேண்டுவது எது? நம் துறைகளின் சான்றிதழ் வகுப்புகள் எழுத்தில் தொடங்குகின்றன. 247 எழுத்துகளும் முடிந்து, எழுவாய் பயனிலை கடந்து, சிறு உரைநடைப் பகுதிக்கு மாணவன் வந்து சேர்கையில் ஆண்டு முடிந்துவிடும். மருத்துவ மாணவர்க்கென வரும் கையேடுகள் நேர்மாறானவை, அவை வினாப்பட்டியல்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, காய்ச்சல் உண்டா என ஐம்பது அறுபது வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்பது அவற்றின் எண்ணம். அந்த வினாக்களைத் தெளிவாகக் கேட்கும் மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். விடை வெள்ளமாக வரும்போது அவர் முகம் மாறும். வினவக் கற்பித்துக் கேட்கக் கற்பிக்காத மொழிக்கல்வி, மருத்துவனுக்கு அதிகாரத்தை மட்டும் தருகிறது.

வலியைக் குறிக்கும் தமிழின் வளம் இங்கே சிக்கலாகிறது. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, காந்துகிறது, இழுக்கிறது, பிசைகிறது, உளைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்கென்று தைக்கிறது, மதமதவென்றிருக்கிறது என்று நோயாளி சொல்வன எல்லாம் 'வலி' என்ற ஒரே சொல்லாக மாணவன் தாளில் இறங்கிவிடுகின்றன. நெஞ்சைக் குத்துவதற்கும் பிசைவதற்கும் எரிவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு மருத்துவத்தில் உயிர்ப்பிரச்சினை. மூச்சு இழுக்கும்போது குத்துவது ஒன்று. பாரம் வைத்தாற்போல் அழுத்தி இடக்கையில் இறங்குவது வேறொன்று. உண்டபின் கரிப்பது பிறிதொன்று. தொல்காப்பியர் உரியியலின் தொடக்கத்தில் இசை, குறிப்பு, பண்பு என மூன்றனைச் சுட்டுகிறார். மனத்தால் குறித்துணரப்படுவது குறிப்பு என்பது உரையாசிரியர் விளக்கம். நோவுச் சொற்கள் பலவும் குறிப்பின்பாற் படுவன. புறத்தே காட்ட ஒரு பொருள் இல்லை. உடையவன் உணர்கிறான், கேட்பவன் சொல்வழியே குறித்துக்கொள்ள வேண்டும். இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள்தராது என்று இலக்கண வகுப்பில் ஒரு மதிப்பெண் வினாவாகக் கற்பிக்கிறோம். 'விண்விண்' என்பது சீழ் கோத்த இடத்தின் துடிப்பைச் சுட்டக்கூடும் என்பதற்காக ஒருவன் அதனைக் கற்கலாம் என்பது நமக்குத் தோன்றியதில்லை.

வழக்குத் தொடர்கள் இன்னும் இடர் தருவன. மூச்சு வாங்குகிறது, கண்ணைக் கட்டுகிறது, சூடு பிடித்திருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்பவற்றை அகராதி கொண்டு சொல்சொல்லாகப் பிரித்தால் பொருள் எஞ்சாது. 'எனக்குத் தமிழ் பிடிக்கும்' என்று முதல் வாரத்தில் கற்ற மாணவன், 'சளி பிடித்திருக்கிறது' என்று கேட்டுத் திகைப்பது இயல்பே. 'இளைப்பு' மூச்சுத்திணறலைக் குறிக்கும். 'இளைத்துவிட்டேன்' என்பது பெரும்பாலும் உடல் மெலிவைக் குறிக்கும். இரண்டும் காசநோயாளியிடம் சேர்ந்தே வரக்கூடும். 'மயக்கம்' என்று ஒருவர் சொன்னால் தலைசுற்றலா, கண்ணிருளலா, நினைவிழத்தலா என்று மேலும் கேட்டாக வேண்டும். ஒரு பெண் 'முழுகாமல் இருக்கிறேன்' என்றால் அவர் கருவுற்றிருக்கிறார். 'வலி கண்டுவிட்டது' என்று உறவினர் ஓடிவந்தால் மகப்பேறு தொடங்கிவிட்டது. இச்சொல் தெரியாமல் ஊடுகதிர்ப்படம் எடுக்க அனுப்பும் மாணவனால் விளையும் தீங்கை எண்ணிப் பார்க்கலாம். வட்டார வேறுபாடு வேறு இருக்கிறது. தென்மாவட்டத்தின் தடுமன் பிறவிடத்தின் நீர்க்கோவை. ஈழத்தவர் வாந்தியைச் சத்தி என்பர். எழுத்துத்தமிழில் 'தங்களுக்கு எவ்விடத்தில் வலிக்கின்றது' என்று கற்றவனுக்கு இவற்றுள் ஒன்றும் காதில் விழாது.

மரியாதை வடிவங்கள் தனியே நோக்கத்தக்கன. வார்டில் மொழி கற்கும் மாணவன் யாரிடம் கற்கிறான்? பெரும்பாலும் அங்குள்ள பணியாளரிடமும் அவசரத்தில் இருக்கும் மூத்தோரிடமும். எனவே அவன் முதலில் கற்கும் தமிழ் ஏவல் ஒருமை: படு, திரும்பு, வாயைத் திற, காட்டு. தமிழில் நீ, நீங்கள் வேறுபாடு வயதையும் சமூக நிலையையும் ஒருங்கே சுமந்து நிற்பது. இருபது வயது மாணவன் எழுபது வயது முதியவரை 'வாயைத் திற' என்கிறான். அவமதிக்க எண்ணிச் சொல்லவில்லை. அந்த மருத்துவமனை ஏழைகளிடம் எப்படிப் பேசுமோ அதையே இலக்கணமாக உள்வாங்கியிருக்கிறான். 'பாட்டி, கொஞ்சம் திரும்பிப் படுங்கள்' என்பதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் ஒன்றுமில்லை. வகுப்பில் நாம் கற்பிக்காவிட்டால் வார்டு கற்பித்துவிடும். மொழிக்கல்வியில் அறம் தனிப் பாடமாக வருவதில்லை. வினைமுற்று விகுதியிலேயே வந்துவிடுகிறது.

அரைமொழி

இங்கே ஒரு கடுமையான எதிர்வாதம் எழுகிறது. ஒன்றுமே தெரியாத மாணவன் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவான். கொஞ்சம் தெரிந்தவன் தேடமாட்டான். புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வான்; நோயாளியும் அவன் தன் மொழியில் பேசிய மகிழ்ச்சியில் மறுகேள்வி கேளாமல் தலையசைப்பார். எனில் 40 மணிநேரத் தமிழ் தமிழின்மையைவிடத் தீயதாகலாம் அன்றோ?

இவ்வாதம் மெய்யானது என்றே கருதுகிறேன். ஆயினும் இதிலிருந்து மொழி கற்பிக்க வேண்டா என்னும் முடிவு பெறப்படவில்லை. எதற்கு எவ்வளவு மொழி போதும் என்னும் பகுப்பே பெறப்படுகிறது. நலம் கேட்டல், சாப்பிட்டீர்களா என வினவல், தொடுவதற்கு முன் சொல்லித் தொடுதல் ஆகியவற்றுக்குக் குறைமொழி போதும். அதில் பிழை நேரினும் நோயாளி சிரிப்பார், தீங்கில்லை. அறுவைக்கு இசைவு பெறுதல், மருந்தளவு கூறல், பிழைப்பு அரிது என அறிவித்தல் ஆகியவற்றுக்குக் குறைமொழி ஆகாது. அங்கே மாணவன் தன் தமிழை நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். 'வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்' என்பதை எடுத்துக்கொள்வோம். குணமானவரை அனுப்பும் மாணவன் இதனை மகிழ்ச்சியோடு சொல்லக்கூடும். நம்மூர்க் குடும்பத்தின் காதில் இது கைவிரித்தலாக ஒலிக்கலாம். சொற்கள் மூன்றும் சரி, இலக்கணமும் சரி. எனவே மருத்துவ மாணவனுக்கு நாம் கற்பிக்கும் முதல் வாக்கியம் 'எங்கே வலிக்கிறது' என்பதாக இருத்தலாகாது. 'எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்பதாக இருக்க வேண்டும். வெண்மேலங்கி அணிந்தவன் நாவில் எளிதில் வாராத வாக்கியம் அது.

மொழிபெயர்ப்பாளர் எனினும் நம் மருத்துவமனைகளில் அப்படியொரு பணியிடம் பொதுவாக இல்லை. மொழிபெயர்ப்பவர் செவிலியர், அல்லது துப்புரவுப் பணியாளர், அல்லது அடுத்த படுக்கைக்காரர், அல்லது உறவினர். பரிமேலழகர் கூறிய நான்காம் உறுப்பாகிய தொண்டு செய்பவரே இன்று மொழியையும் சுமக்கிறார். மனைவியின் மாதவிலக்கைக் கணவன் மொழிபெயர்க்கும்போது மனைவி எதைச் சொல்லாமல் விடுவாள் என்பது சொல்லாமலே விளங்கும். புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களில் பள்ளி செல்லும் பிள்ளைதான் இரு மொழியும் அறிந்தது. தாய்க்குப் புற்றுநோய் என்பதை அப்பிள்ளையின் வாயால் தாய்க்குச் சொல்விப்பதற்கு எந்த அறநூலும் இடம்தராது. அமெரிக்க ஒன்றிய அரசின் 2016-ஆம் ஆண்டு விதி, நெருக்கடி நேரம் தவிரப் பிறபொழுதுகளில் சிறுவரை மொழிபெயர்ப்பாளராகக் கொள்வதைத் தடுத்தது. நம் நாட்டில் இது பேசுபொருளாகக்கூட ஆகவில்லை.

மண்ணின் மொழியும் நோயாளியின் மொழியும்

இதுவரை கூறியவற்றைத் தமிழறிஞர் பலர் உவந்து ஏற்பர். தமிழ்நாட்டில் பயில்வோர் தமிழ் கற்க வேண்டும் என்பது நமக்கு இனிக்கும் முடிவு. ஆனால் கடனை எந்த அடிப்படையில் நிறுவினோமோ அந்த அடிப்படையிலேயே அதனைத் தொடர வேண்டும். நிலத்தின் மொழி என்பதால் தமிழைக் கற்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நோயாளியின் மொழி என்பதால் என்றே வாதிட்டேன். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், சார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் பெருந்திரளாக வருகின்றனர். அம்மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் காணலாம். திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடியாவும் போச்புரியும் பேசும் தொழிலாளர் கைவிரல் நசுங்கி மருத்துவமனைக்கு வருகின்றனர். அங்கே தமிழ்மாணவனே அயல்மொழியான். அவனுக்கு நாற்பது மணிநேர இந்தியோ வங்காளமோ கற்பிக்க வேண்டும் என்றால் நம்முள் எத்தனை பேர் ஒப்புவோம்? ஒப்பவில்லையெனில், நாம் முன்னர்க் கோரியது நோயாளிக்காக அன்று என்றாகிவிடும்.

அரசியலில் இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, ஒடிசாவிலிருந்து வந்த நோயாளியின் சொல்லுக்குச் செவிகொடுப்பது வேறு. திணிப்பு அதிகாரத்திலிருந்து கீழ்நோக்கி வருவது. நோயாளியின் மொழியோ படுக்கையிலிருந்து மேல்நோக்கி வருவது. இரண்டிலும் ஒரே மொழி வழங்கலாம், அறநிலை ஒன்றன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தகுதியுடையவர், மொழியுரிமைக்காகப் போராடிய மரபிலிருந்து வரும் நாமே எனலாம். மும்பையின் தாராவியில் வாழும் தமிழர் அருகிலுள்ள சயான் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். அங்குள்ள மராத்திய மாணவரிடம் நாம் எதிர்பார்ப்பதையே தமிழ் மாணவரிடமும் பிறர் எதிர்பார்ப்பது நேர்மை.

எல்லா மொழியையும் எல்லாரும் கற்க முடியாது என்னும் உண்மை இவ்விடத்து மீண்டும் வந்து நிற்கிறது. தனி மாணவனின் கடன், அவன் பயிலும் வார்டில் மிகுதியாக ஒலிக்கும் ஒரு மொழியோடு நிற்கும். எஞ்சிய மொழிகளுக்குரிய கடன் நிறுவனத்தினுடையது. மொழிபெயர்ப்பாளர் பணியிடமாகவே அது தீர வேண்டும். நிறுவனத்தின் கடனை இருபது வயது மாணவன் தலையிலோ செவிலியர் தலையிலோ ஏற்றிவைப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது, கேட்டற்பயிற்சிக்கான ஒலிப்பதிவுகளைத் தொகுப்பது. கொங்கு, நெல்லை, வடார்க்காடு, இராமநாதபுரம் எனப் பல வட்டாரங்களின் நோயாளிகள் தம் நோயைத் தம் போக்கில் சொல்லும் பேச்சு வேண்டும். நடிகர் படித்த உரையாடல்கள் இதற்குப் பயன்படா. இதற்கும் நோயாளியின் இசைவு வேண்டும். உடலை முன்பே கொடுத்தவரிடம் குரலையும் கேட்கிறோம். கேட்கும்போது எதற்காக, யார் கேட்பர், மறுத்தால் மருத்துவம் குறையுமா என்பவற்றை அவர் மொழியில், அவர் வட்டாரத்தில் விளக்கியாக வேண்டும். மொழி தெரியாத மாணவனால் அது ஆகாது. பணிநெருக்கடியில் உள்ள மருத்துவராலும் ஆகாது. தமிழ்த்துறையினர் வார்டுக்குச் சென்று, கட்டிலருகே அமர்ந்து கேட்க வேண்டியிருக்கும். நம் பாடவேளை அட்டவணைகளில் அதற்கு இன்னும் ஒரு மணிநேரம்கூட ஒதுக்கப்படவில்லை.